உள்ளே எழும் குரலும் இரண்டு மாத ஊசியும்

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறா. பிள்ளைக்கு 7 கிழமை. சுவாமி அறையில் கண்ணை மூடி இருந்தபோது ‘இப்போது ஊசி வேண்டாம்’ என்று மனதில் தெளிவாக வந்ததாம். மாமி பூக்கட்டிப் பார்த்ததில் வெள்ளைப் பூ வந்ததாம், அதுவும் ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தமாம். ஊர்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தரோ, இரண்டு மாதத் தடுப்பூசிக்கு வாற புதன்கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறா. ‘கடவுள் உணர்த்தியதை மீறிப் போட்டு, பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் நான் என்ன செய்வேன்?’ என்பதுதான் கேள்வி.

மகள், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை போய் ஊசியைப் போடுங்கள். உங்கள் பக்தியில் ஒரு குறையும் வராது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை ஆறுதலாக விளக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்குள் எழுந்த அந்த உணர்வை நான் பொய் என்று சொல்லப் போவதில்லை.

நான் 30 வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் பிள்ளைகளின் நிறை பார்த்தவள். நானும் விரதம் பிடிக்கிறவள்தான். சந்நிதி முருகனிடம் அழாத வருடம் எனக்கு இல்லை. இத்தனை வருடத்தில் ‘மனதில் ஒன்று பட்டது மிஸ்’ என்று சொன்ன தாய்மார் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சைவக்காரர் ‘அம்மாளாச்சி சொன்னா’ என்பார்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்கள் ‘ஆண்டவர் உணர்த்தினார்’ என்பார்கள். சொல்தான் வேறு. அவற்றை எல்லாம் கேட்டுக் கேட்டு நான் கண்டுகொண்டது ஒன்று: அந்த உணர்வு உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். ‘எழும்பு, பிள்ளையைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொன்னால் அந்த நிமிடமே கேளுங்கள். யார் சிரித்தாலும் கேளுங்கள். ‘இரு, போகாதே, காட்டாதே’ என்று சொன்னால் அதைக் கடவுளின் கணக்கில் எழுதாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

முதல் வகைக்கு ஒரு சம்பவம். ஐப்பசி மழை. இரவு 11 மணி இருக்கும், ஒரு தாய் எனக்குப் போன் எடுத்தா. பிள்ளைக்கு 5 கிழமை. காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை. இரண்டு தரம் பால் குடிக்காமல் படுத்துவிட்டது, அவ்வளவுதான். ‘நித்திரையில் இருந்த என்னை யாரோ தட்டி எழுப்பின மாதிரி இருந்தது மிஸ், பிள்ளை சரியில்லை’ என்று சொன்னா. நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் குத்தும்: ‘காய்ச்சல் இல்லைத்தானே, விடியப் பார்ப்போம்.’ அவ என் சொல்லைக் கேட்கவில்லை. அந்த மழைக்குள் ஓட்டோ பிடித்துப் போனா. போன இடத்திலும் ‘முதல் பிள்ளை, அதுதான் பயப்படுகிறீர்கள்’ என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். அவ வாங்கிலை விட்டு எழும்பவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பிள்ளை மூச்சு விடுவதில் வித்தியாசம் தெரிந்தது. இரத்தத்தில் கிருமி. அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறான்.

அந்தத் தாயைத் தட்டி எழுப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. அம்மாளாச்சி என்று அவ சொன்னா, நான் மறுக்க மாட்டேன். ஒரு தாயின் கண்ணும் கையும் காதும் 5 கிழமையாகச் சேர்த்து வைத்த அறிவு நித்திரையிலும் வேலை செய்தது என்று ஒரு டொக்டர் சொல்வார். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். வைத்திய உலகமும் இதை இப்போது மதிக்கிறது. பெல்ஜியத்தில் 3890 பிள்ளைகளை வைத்துச் செய்து 2012 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சோதித்துப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும், ‘ஏதோ பிழை’ என்று டொக்டரின் மனதில் பட்டால் அதைத் தட்டிவிடக்கூடாது என்று அது காட்டியது. டொக்டருக்கு அப்படிப் படுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ‘இந்த முறை வருத்தம் வேறு மாதிரி இருக்கிறது’ என்று தாய் தகப்பன் சொன்ன சொல். ஆகவே உங்கள் உள்ளுணர்வு மருத்துவத்துக்கு எதிரி இல்லை, மகள். நல்ல டொக்டர் அதைக் கேட்டு வாங்குவார். கேட்காதவர் இருந்தால் இன்னொருவரிடம் போங்கள்.

சரி, ‘போகாதே’ என்கிற உணர்வை மட்டும் ஏன் வேறு தராசில் போடச் சொல்கிறேன்? பிழைத்தால் யார் விலை கொடுப்பது என்று பாருங்கள். போகச் சொன்ன உணர்வு பிழைத்தால் ஓட்டோக் காசும் ஒரு இரவு நித்திரையும் போகும். போகாமல் இருக்கச் சொன்ன உணர்வு பிழைத்தால், பேச வாயில்லாத ஒரு சீவன் விலை கொடுக்கும். பெரியவர் ஒருவர் ‘நான் மருந்து குடிக்க மாட்டேன், என் கடவுள் பார்ப்பார்’ என்றால் அது அவர் உடம்பு, அவர் நம்பிக்கை. 7 கிழமைப் பிள்ளையின் உடம்பை வைத்து நாங்கள் எங்கள் நம்பிக்கையைப் பரீட்சிக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பயமும் கடவுளின் குரல் மாதிரியே பேசும். நீங்கள் 7 கிழமையாக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ஊசி போட்ட பிள்ளைக்கு என்னவோ நடந்தது என்று யாராவது போனில் ஒரு வீடியோ காட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசிக்குப் பிறகு இரவு முழுக்க அழுதது உங்கள் காதில் இருக்கும். அதெல்லாம் உள்ளே கிடந்து, கண்ணை மூடி அமைதியாக இருக்கிற நேரம் பார்த்து மேலே வரும். சுவாமி அறையில் வந்தது என்பதற்காக அது சுவாமியிடமிருந்து வந்தது என்று ஆகிவிடாது.

பூக்கட்டிப் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும், மாமி குறை நினைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் காலங்காலமாகப் பூக்கட்டிப் பார்த்தது, இரண்டு பக்கமும் சமனாக இருந்து மனம் தடுமாறுகிற இடத்தில். இந்தச் சம்பந்தமா அந்தச் சம்பந்தமா, இந்தக் காணியா அந்தக் காணியா என்று. கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்குவதா விடுவதா என்று எந்த ஆச்சியும் பூக்கட்டிப் பார்த்ததில்லை. பதில் தெரிந்த கேள்வியைச் சுவாமிக்கு முன்னால் வைக்கத் தேவையில்லை.

இரண்டு மாத ஊசியில் பதில் தெரியும். அந்த ஒரு ஊசியில் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி (டெட்டனஸ்), ஈரல் அழற்சி பி, மூளைக்காய்ச்சலையும் நியூமோனியாவையும் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அதோடு போலியோ மருந்தும் கொடுப்பார்கள். 2, 4, 6 மாதங்களில் மூன்று தரம். குக்கல் பெரிய பிள்ளைக்கு இருமல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது வேறு. சில குழந்தைகள் இருமவே மாட்டார்கள், மூச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இரண்டாம் மாதத்திலேயே தொடங்குகிறார்கள். ‘கொஞ்சம் வளரட்டும், பிறகு போடுவோம்’ என்றால், ஆபத்து அதிகமான மாதங்களைப் பாதுகாப்பு இல்லாமல் கடக்க விடுகிறோம் என்று அர்த்தம்.

எங்கள் பூட்டிமார் இன்றைய தாய்மாரை விடக் குறைவாகவா கும்பிட்டார்கள்? 1946 இல் இலங்கையில் பிறந்த ஒவ்வொரு 1000 பிள்ளைகளிலும் கிட்டத்தட்ட 140 பிள்ளைகள் ஒரு வயதுக்கு முன் செத்துப்போனார்கள். இன்றைக்கு அது 10 க்கும் கீழே. இடையில் நேர்த்தி கூடவில்லை, விரதம் கூடவில்லை. பிரசவம் பார்க்கப் படித்தவர்கள் வந்தார்கள், சுத்தம் வந்தது, மலேரியா அடங்கியது, தடுப்பூசி வந்தது. போரின் நடுவிலும் 1995 இலிருந்து போலியோ சொட்டு மருந்து நாட்களில் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். அந்த நாட்களில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கைகளில் என் கையும் ஒன்று. வீட்டில் அரிசி இல்லாத தாய்மார் கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். 1993 இற்குப் பிறகு இலங்கையில் போலியோ நோயாளி ஒருவரும் இல்லை.

இனி இரண்டாவது சம்பவம். சொல்லக் கஷ்டம், ஆனாலும் சொல்ல வேண்டும். நல்ல நிறையோடு பிறந்த ஒரு பெண்பிள்ளை. மூன்றாம் கிழமையிலும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. செங்கமாரி என்று பார்வை பார்த்தார்கள், நூல் கட்டினார்கள், தாய்க்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அம்மம்மாவின் கனவில் முருகன் வந்து ‘41 நாள் என் வாசலுக்கு வா, வேறு எங்கும் போகாதே’ என்று சொன்னாராம். ஒரு நாள் தவறாமல் போனார்கள். தாய் தன் பிறந்த வீட்டில் போய்த் தங்கியிருந்ததால் பிள்ளை என் கண்ணில் படவில்லை. நான் பார்த்தபோது மூன்று மாதம் முடிந்துவிட்டது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளிறி இருந்தது, சிறுநீர் துணியில் கடும் மஞ்சளாக ஊறியிருந்தது. ஈரலிலிருந்து பித்தம் வெளியேறுகிற குழாய் அடைபட்ட வருத்தம். அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு, ஆனால் 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் ஏற்கெனவே பழுதாகிவிட்டது. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை.

செத்த வீட்டில் அந்த அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ‘நான் கும்பிட்டது பிழையோ பிள்ளை?’ என்று கேட்டா. கும்பிட்டதில் ஒரு பிழையும் இல்லை அம்மா என்று சொன்னேன். ‘வேறு எங்கும் போகாதே’ என்ற அந்தக் கடைசிச் சொல் முருகனுடையதாக இருக்காது என்று எனக்கு மனதில் வந்தது. அன்றைக்கு அதை அவவிடம் சொல்லவில்லை. அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் மண்ணில் தெய்வமும் வைத்தியமும் சண்டை பிடித்ததே இல்லை. வண்ணார்பண்ணையில் கோயில் கொண்டிருக்கிற சிவனுக்கு வைத்தீஸ்வரன் என்றுதான் பெயர். வேதக்கார அயலவர்களுக்குச் சொல்வதென்றால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் ஒரு மிஷனரி, செபத்தில் ஊறிய மனிதர். அடுத்த வருடமே எங்கள் பெடியளுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்தார். பிரசவ வைத்தியப் புத்தகத்தைக் கூடத் தமிழில் கொண்டுவந்தார். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரில் ஆஸ்பத்திரி நிற்கிறது. செபம் செய்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

எந்த நேரத்தில் எதையும் யோசிக்காமல் ஓட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் அன்றைக்கே, அந்த நேரமே காட்ட வேண்டும். விபூதி பூசிவிட்டு விடியும்வரை பார்க்கிற காய்ச்சல் அது இல்லை. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழும்பாமல் துவண்டு கிடப்பது, உடம்பு குளிர்ந்துபோவது, வலிப்பு, பச்சை நிறத்தில் சத்தி, உச்சிக்குழி புடைப்பது அல்லது குழிவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து நாறுவது, எல்லாமே அப்படித்தான். மூச்சை எண்ணிப் பழகுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், அதற்குப் பிறகு ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தாலும் அப்படியே. மஞ்சள் நிறம், பிள்ளை பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, இரண்டு கிழமை தாண்டியும் நின்றாலோ இரத்தம் சோதிக்க வேண்டும். காலை வெயிலில் பிடிப்பது அதற்கு மருந்தாகாது. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். 2018 இலிருந்து யாழ்ப்பாணத்திலும் அந்த அம்புலன்ஸ் ஓடுகிறது, காசு இல்லை.

வீட்டில் செய்கிற சடங்குகளைப் பற்றியும் கேட்பீர்கள். செய்யுங்கள், ஆனால் பிள்ளையின் வாய்க்குள்ளும் மூச்சுக்குள்ளும் போகாமல் செய்யுங்கள். நாவூறு கழியுங்கள், செத்தல் மிளகாயை அடுப்பில் போடும்போது பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது. நெற்றியில் திருநீறு தொட்டு வையுங்கள், தொப்புள் புண்ணில் எதுவும் வேண்டாம். நூலைக் கழுத்தில் கட்டாமல் தொட்டிலில் கட்டுங்கள். மை கண்ணுக்குள் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். வசம்பு, கோரோசனைக் குளிகை என்று ஆறு மாதத்துக்குள் எதையும் உரைத்துக் கொடுக்காதீர்கள். ஓதின தண்ணியைத் தாய் குடிக்கட்டும், பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். மாமிமாரிடம் இப்படிச் சொன்னபோது பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். ‘சடங்கே வேண்டாம்’ என்று போய் நின்ற என் ஆரம்ப காலத்தில்தான் படலையை மூடினார்கள். வருத்தக்காரப் பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவதாக நேர்ந்தவர்களிடம், ‘நேர்த்தியை வையுங்கள், பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள், சுகமானதும் போய் நிறைவேற்றுங்கள்’ என்பேன். ஒருவரும் என்னோடு கோபித்ததில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மெல்லக் கேட்கிறேன், தவறாக எடுக்காதீர்கள். உங்களுக்கு வந்தது மனதில் தோன்றிய எண்ணமா, அல்லது வெளியிலிருந்து யாரோ காதில் பேசுவது மாதிரிக் கேட்டதா? பிள்ளை பெற்ற 1000 பேரில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் சில கிழமைகளில், ஒரு கடுமையான மனநோய் வருவதுண்டு. நித்திரையே தேவைப்படாத மாதிரி இருக்கும், எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், குரல் கேட்கும், பிள்ளைக்கு ஏதோ விசேஷ சக்தி இருக்கிறது அல்லது ஏதோ பிடித்திருக்கிறது என்று தோன்றும். அது பேயும் இல்லை, அருளும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. மருந்தால் முழுதாகச் சுகப்படுகிற வருத்தம். அப்படி ஏதும் இருந்தால் இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு உங்களையும் காட்ட வேண்டும், அதுவரை பிள்ளையோடு தனியே இருக்க வேண்டாம். உங்கள் எழுத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நித்திரை இல்லாத, பிள்ளை மீது உயிராய் இருக்கிற ஒரு தாயின் கவலையாகத்தான் தெரிகிறது. ஆனாலும் கேட்காமல் விட எனக்கு மனம் வராது.

இனிப் புதன்கிழமைக்கு வருவோம். பிள்ளையின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே வெளிக்கிடுங்கள். புதனில் ராகு காலம் 12 மணிக்குத்தான் தொடங்கும், மாமிக்கும் ஆறுதலாக இருக்கும். முடிந்தால் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மனதில் வந்ததை ஒளிக்காமல் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். ‘இந்த ஊசியை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளையை ஒருக்கால் முழுதாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள்’ என்றால் பார்ப்பார்கள். ஒருவேளை நீங்கள் அறியாமல் உங்கள் கண் எதையாவது கண்டிருந்தால் அங்கே அது வெளிப்படும். கடும் காய்ச்சல் இருந்தால் அவர்களே நாளைத் தள்ளிப் போடுவார்கள், சாதாரண தடிமனுக்குத் தள்ள மாட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அதையும் சொல்லி வையுங்கள்.

ஊசி போட்ட பிறகு ஒரு 20 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். அவசரப்பட்டு வராதீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வாயில் வருகிற தேவாரத்தைச் சொல்லிக்கொண்டு இருங்கள். அன்றிரவு கொஞ்சம் காய்ச்சல் காயலாம், தொடை சிவந்து நோகலாம். பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு பரசிற்றமோல் என்று கிளினிக்கிலேயே கேட்டு, பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். இரவில் பாலை மறுத்தாலோ, துவண்டாலோ, விடாமல் மணித்தியாலக் கணக்கில் கத்தினாலோ, ‘ஊசிக் காய்ச்சல்தானே’ என்று யார் சொன்னாலும் அந்தத் தாய் மாதிரி ஓட்டோவைப் பிடியுங்கள்.